டைம்அவுட் 0 கொடுத்தால் டின் கண்ணுக்குத் தெரியாதா?

கேள்வி: ஓசூரில் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். மாங்கூழ் ஆலையின் டின் வரிசைக்கு லினக்ஸ் பலகையில் சென்சார் பொருத்திக் கொடுத்தோம். டிரைவரில் (சென்சாரை இயக்கும் நிரல்) டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு) 0 கொடுத்தால், டின் வந்து நின்றிருந்தாலும் 'டைம்அவுட்' என்றே வருகிறது. 3 மில்லிசெகண்ட் கொடுத்தாலும் அதே கதை. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கோளாறா?

பதில்: கெர்னல் மேல் பழி போடாதீர்கள். டைம்அவுட் 0 என்றால், 'ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உடனே வந்து சொல்' என்று பொருள். கெர்னலின் காத்திருப்பு ஃபங்ஷனான வெயிட்_ஈவென்ட்_டைம்அவுட் அதைச் சரியாகத்தான் செய்கிறது. எதிர்பார்த்தது நடந்திருந்தால் மிச்ச நேரத்தைத் தரும். மிச்சம் 0 என்றால் அதை 1 ஆக்கித் தரும். நடக்காவிட்டால் மட்டுமே 0.

நீங்கள் அனுப்பிய நிரலில், பலகை விற்றவர் இதன் மேல் தானாக ஒரு ஃபங்ஷன் எழுதி, கெர்னல் சொன்ன விடையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்ச நேரத்தைத் தானே கழித்துக் கணக்கிடுகிறார். 0-வில் தொடங்கினால் மிச்சமும் 0 தானே! டின் இருந்தாலும் 0, இல்லாவிட்டாலும் 0. அந்தக் கழித்தல் வரியை எடுத்துவிட்டு, கெர்னல் தரும் மதிப்பையே திருப்புங்கள்.

3 மில்லிசெகண்ட் சிக்கல் வேறு. மில்லிசெகண்டை ஹெச்இசட்-டால் (கெர்னல் கடிகாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கும் என்ற எண்) பெருக்கி 1000-ஆல் வகுத்திருக்கிறார். உங்கள் கெர்னலில் ஹெச்இசட் 250. 3 × 250 = 750; 1000-ஆல் வகுத்தால் முழு எண் 0. மில்லிசெகண்டை ஜிஃபியாக (அந்தக் கடிகாரத்தின் ஒரு துடிப்பு) மாற்றும் எம்செக்ஸ்_டு_ஜிஃபீஸ் போட்டால் மேல்நோக்கி முழுமையாக்கி 1 தரும். ஆனால் அதற்குக் கழித்தல் குறி எண் போய்விடக் கூடாது. அதை 'முடிவில்லாமல் காத்திரு' என்று எடுத்துக்கொள்ளும், வரிசை அப்படியே உறைந்துவிடும்.

'0-க்குப் பதில் 1 போடுங்கள், சரியாகிவிடும்' என்று வாட்ஸ்அப்பில் வைத்தியம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். டின் இல்லாத ஒவ்வொரு முறையும் டிரைவர் தூங்கப் போய்விடும். 250 ஹெச்இசட்டில் ஒரு ஜிஃபி 4 மில்லிசெகண்ட். 16 சென்சாரை வரிசையாகப் பார்த்தால் சுமார் 64 மில்லிசெகண்ட் போய்விடும். இவர்களில் சிலர்தான் மூலநிரல் தராமல் வெறும் மாட்யூல் (தொகுத்து முடித்த டிரைவர்) கோப்பைக் கொடுத்து, திருத்தத்துக்குத் தனி பில் போடுகிறவர்கள். லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் (மூலநிரலையும் தரச் சொல்லும் உரிமம்) 2-ஆம் பதிப்பில் வருவது. பலகையோடு வந்த கெர்னலின் மூலநிரலைக் கேட்டு வாங்குங்கள். கேட்க ஆளில்லாததால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

ஒரே ஒரு விலக்கு, நன்றாகக் கவனியுங்கள். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளோ (வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் நிரல்) ஸ்பின்லாக்கைப் (தூங்காமல் பிடித்திருக்க வேண்டிய பூட்டு) பிடித்திருக்கும்போதோ, 0 தானே என்று இந்தக் காத்திருப்பு ஃபங்ஷன்களைக் கூப்பிடாதீர்கள். 0 என்பதால் தூங்காது என்று நினைப்பீர்கள். வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்_டைம்அவுட், வேலை முடிந்திருக்காவிட்டால், 0 கொடுத்தாலும் ஷெட்யூலர் (எந்த நிரல் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் பகுதி) வரை போய்விடும். அங்கே ட்ரை_வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்தான் சரி; வெறும் கொடியை (ஃபிளாக், ஆம்/இல்லை என்ற அடையாளம்) பார்ப்பதானால் ஓர் இஃப் போதும். சோதனைக் கெர்னலில் கன்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப்பை இயக்கி வையுங்கள். தப்பான இடத்தில் கூப்பிட்டால் டிமெசெக்கில் (கெர்னல் செய்திப் பதிவு) எந்த வரி என்று காட்டிவிடும்.