ஹோர்னட்டை விற்பதா? முதலில் அந்த 21,000ஐப் பிடித்து வையுங்கள்

கேள்வி: சேர், டிக்கோயாவில் வாடகை வீட்டில் இருக்கிறேன். நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். போக வர 40 கிலோமீற்றர். 2022 கார்த்திகையில் 9 லட்சத்துக்கு ஒரு ஹொண்டா ஹோர்னட் 250 சிசி பைக் வாங்கினேன். 4 லட்சம் கைக்காசு, மிச்சம் லீசிங். மாதம் 21,000 படி 36 மாதம் கட்டி இப்போதுதான் முடித்தேன். இன்று 7½ லட்சத்துக்குக் கேட்கிறார்கள். மனைவிக்கு ஆறு மாதம்; விற்கச் சொல்கிறார். கூட்டாளிமார் “வச்சிரு, விலை ஏறும்” என்கிறார்கள். இதைக் கொடுத்து, மேலே 4 லட்சம் லீசிங் போட்டுப் புது 150 சிசி பைக் ஒன்று எடுக்கவும் யோசனை இருக்கிறது. எது சரி?

பதில்: தம்பி, கடைசி யோசனையை முதலில் கைவிடுங்கள். 21,000 படி 36 மாதம் என்றால் 756,000 ரூபாய். வாங்கிய கடன் 5 லட்சம். மிச்சம் 256,000 வட்டி. அந்தக் காசில் உங்கள் பைக்குக்கு ஒரு நட் கூட வரவில்லை. மூன்று வருடமாக அந்த 21,000 இல்லாமல் குடும்பம் நடத்தப் பழகிவிட்டீர்கள். இந்த மாதத்தில் இருந்து அது உங்கள் கையில். ஹோர்னட்டை விட அதுதான் பெரிய சொத்து. பிள்ளை பிறக்கப் போகிற நேரத்தில் அதைத் திரும்பவும் ஒரு கம்பனிக்கு எழுதிக்கொடுப்பானேன்?

சரி, விலைக்கு வருவோம். 2022 ஆனியில் 92 ஒக்டேன் பெட்ரோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது நினைவிருக்கும். அதற்குப் பிறகு பெட்ரோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது பைக்குக்கு வாரம் 4 லீற்றர்தான். மலை ரோட்டில் ஹோர்னட் 20 கிலோமீற்றர் கொடுத்தாலும் வாரத்துக்கு 80. உங்கள் பாடசாலைக்கு இரண்டு நாள் போய் வரலாம், அவ்வளவுதான். உங்களுக்கு விற்றவர் அனேகமாக அந்தக் கணக்கைப் போட்டுத்தான் விற்றிருப்பார். நீங்களோ, 2020இல் நின்ற வாகன இறக்குமதி இனி வராது என்று நம்பி வாங்கியிருக்கிறீர்கள். 2025 பெப்ரவரியில் அது திரும்பவும் திறந்துவிட்டது. தட்டுப்பாட்டில் ஏறிய விலைக்கு இன்று முட்டுக்கொடுக்க ஆளில்லை.

கூட்டாளிமார் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஹொண்டா இந்த மொடலைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது, நாலு சிலிண்டர் 250 இனி லேசில் கிடைக்காது. ஆனால் அரிது என்று கூடக் காசு கொடுப்பவர் கேட்பது கம்பனி பெயின்ற், கம்பனி சைலன்சர், குறைந்த ஓட்டம். டிக்கோயா மழையில் நனைந்து, தோட்ட ரோட்டுக் குழியில் விழுந்து எழும்புகிற பைக்குக்கு அந்த விலை வராது. பொத்திவைத்தால் வரும். ஆனால் நீங்கள் பாடசாலைக்குப் போக வேண்டுமே.

“11 லட்சத்துக்கு மேல் போட்டதை 7½க்கு எப்படிக் கொடுப்பது” என்று மனம் கிடந்து அடிக்கும். விற்றாலும் வைத்திருந்தாலும் போன காசு போனதுதான். இனிப் போகப்போகிற காசைப் பாருங்கள். மாதம் 20 நாள், 800 கிலோமீற்றர். ஹோர்னட்டுக்கு 40 லீற்றர். லீற்றருக்கு 50 ஓடும் சின்ன பைக்குக்கு 16. பெட்ரோலை 300 என்று வட்டமாக வைத்தால் மாதம் 7,200 ரூபாய் வித்தியாசம். அப்புறம் அந்த 180 அகலப் பின் டயர், நாலு காபரேட்டர். குளிரில் சோக் இழுத்தும் ஒரு சிலிண்டர் எடுக்காமல் பொக்கு பொக்கென்று நிற்கும் காலைகள் உங்களுக்குத் தெரியாததல்ல. நாலையும் கழற்றிக் கழுவித் திரும்பச் சமன்படுத்தத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரைத் தேடுவதற்குள் ஒரு சனிக்கிழமை போய்விடும்.

என் தீர்ப்பு: விற்றுவிடுங்கள். 4 லட்சத்துக்குள் நல்ல ஓட்டத்தில் இருக்கும் 100 அல்லது 110 ஒன்றை முழுக் காசுக்கு வாங்குங்கள். (மனைவியை அதிலும் ஏற்ற வேண்டாம். கிளினிக் நாளுக்கு த்ரீவீல் பிடியுங்கள், மீதப்படும் பெட்ரோல் காசு அதற்குப் போதும்.) ஒரே ஒரு விலக்கு. போன மூன்று மாதத்தில், எந்த வேலையும் இல்லாமல் சும்மா ஓட்டவென்றே எத்தனை ஞாயிறு வெளியே எடுத்தீர்கள்? நாலைந்து என்றால் அது உங்கள் சந்தோஷம். வைத்துக்கொண்டு அதற்கென மாதம் 10,000 ஒதுக்குங்கள், அதை முதலீடு என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்றுமில்லை என்றால் விடை தெரிந்துவிட்டது.

விற்கும்போது அவசரம் வேண்டாம். முதலில் சி.ஆர். புத்தகத்தில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், இருக்கும் லீசிங் கம்பனியின் பெயரை நீக்கி எடுங்கள். கடன் முடிந்ததும் அது தானாகப் போகாது. வாங்குகிறவர் “ஓபன் பேப்பரில் (நிரப்பாத படிவத்தில்) கையெழுத்துப் போட்டுத் தாங்க, பிறகு பெயரை மாத்துறேன்” என்பார். நானும் ஒருமுறை அப்படித்தான் ஒரு ட்ரயல் பைக்கைக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து வாங்கியவர் யாரையோ இடித்துவிட்டார், பொலிஸ் வந்து தட்டியது என் வீட்டுக் கதவை. பெயர் மாற்றும் படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, அடையாள அட்டைப் பிரதி வாங்கி, விற்றதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் அறிவித்த பிறகு சாவியைக் கொடுங்கள்.

மிஞ்சும் 3½ லட்சத்தில் ஒரு லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் விடுங்கள், பிரசவ நேரத்துக்கு ஆகும். மிச்சம் நிலையான வைப்பு, மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் உள்ள இடத்தில் மட்டும். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் வரை இருப்பதால் உங்கள் தொகை அதற்குள் அடங்கும். வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் 18 லட்சத்துக்குக் கீழே என்றால் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம், கேட்டுப் பாருங்கள். 21,000இல் 15,000 சம்பளம் விழும் அன்றே தானாக வேறு கணக்குக்குப் போகட்டும். 6,000 வீட்டுக்கு.

பேரம் முடியும் நேரத்தில் “ஹெல்மெட்டையும் சேர்த்துத் தாங்களேன்” என்பார்கள். அதை மட்டும் கொடுக்காதீர்கள். சின்ன பைக்குக்கும் அதே தலைதான்.