சோல் பிரிவதற்கு 72 வந்தால் விட்டுவிடலாமா?
வணக்கம். உங்கள் ஆம்பூர்த் தொழிற்சாலையின் எஃப்எம்இஏ (நேரக்கூடிய பழுதுகளை முன்கூட்டியே மதிப்பிட்டு வரிசைப்படுத்தும் முறை) அட்டவணையில், தீவிரம், நிகழும் வாய்ப்பு, கண்டறியும் கடினம் ஆகிய மூன்று மதிப்பெண்களையும் பெருக்கியதில், பாதுகாப்புக் காலணியின் சோல் பிரிவதற்கு 9×2×4 = 72 என்றும், நூலின் நிறம் மாறுவதற்கு 3×7×6 = 126 என்றும் வந்திருப்பதால், 100-க்குக் கீழுள்ள முதலாவதை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. தீவிரம் 9 என்றால் பெருக்குத்தொகை எதுவாயினும் அதற்கே முதலிடம்; அமெரிக்க, ஜெர்மானிய வாகனத் தொழில் அமைப்புகளான ஏஐஏஜி, விடிஏ இரண்டும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட எஃப்எம்இஏ கையேடும் இந்தப் பெருக்கலைக் கைவிட்டு, தீவிரத்தை முன்னிறுத்தும் முறைக்கு மாறிவிட்டது.

கண்பார்வைச் சோதனையை நம்பி, கண்டறியும் கடினத்துக்கு 4 மட்டுமே கொடுத்திருப்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை: விளிம்பு ஒட்டியிருந்தாலும் உள்ளே பசை பிடிக்காதது கண்ணுக்குத் தெரியாது, இழுத்துப் பிரித்துப் பார்க்கும் சோதனையோ காலணியையே பாழாக்குவதால் மாதிரிகளில் மட்டுமே இயலும். தோலைச் சரியாகச் சுரண்டாமை, பசையைச் சூடேற்றும் வெப்பநிலை குறைதல் ஆகியவற்றைத் தனித்தனிக் காரணங்களாக எழுதி, வெப்பம் இறங்கினால் அழுத்தும் இயந்திரம் இயங்காதபடி அமைக்கச் சொல்லுங்கள்.