உயிர்கள்தான் எப்படியும் தகவமைத்துக்கொள்கின்றனவே, பிறகு மனிதன் செய்யும் சூழல் கேட்டைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

பூமியில் ஐந்து முறை பேரழிவு வந்தது, ஐந்து முறையும் உயிர்கள் மீண்டன, அமெரிக்காவில் விஷம் கலந்த துறைமுகத்தில்கூட ஒரு மீன் பழகி வாழ்கிறது, ஆகவே மாசைப் பற்றிய பதற்றம் எல்லாம் மிகை என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக நான் இங்கே படிப்பதோடு சரி. இந்தக் கேள்வியை மட்டும் அப்படி விட்டுப் போக முடியவில்லை. எங்கள் தோட்டம் நொய்யல் ஆற்றங்கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது.

நான் உயிரியல் படித்தவன் இல்லை, பி.காம். தவறு இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். ஆனால் நீங்கள் சொன்ன அந்த மீனைப் பற்றி நானும் தேடிப் படித்தேன். அட்லாண்டிக் கரையோரம் நெவார்க் விரிகுடா, எலிசபெத் ஆறு போன்ற இடங்களில் வாழும் கில்லிஃபிஷ். மற்ற இடத்து கில்லிஃபிஷ்களைக் கொல்லும் நச்சு அளவைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு வரை அங்குள்ளவை தாங்குகின்றன என்று 2016-ல் ஆய்வு வந்தது. காரணத்தையும் அதே ஆய்வு சொல்கிறது. அந்த மீன் பெருங்கூட்டமாக வாழ்வது, அதனிடம் மரபணு வேறுபாடு மிக அதிகம். தாங்கும் மரபணு ஏற்கெனவே இருந்த சில மீன்கள் பிழைத்துப் பெருகின. மற்றவை செத்தன. எந்த மீனும் உட்கார்ந்து தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. ஏராளமாக முட்டையிட்டுச் சீக்கிரம் தலைமுறை மாறுகிற உயிருக்கு அது நடக்கலாம். 22 மாதம் சுமந்து ஒரு குட்டி போடும் யானைக்கு எப்படி நடக்கும்?

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் திறக்கப்பட்டது. அணை வரப்போகிறது என்றதும் எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) கிணற்றை ஆழப்படுத்தினார், கடன் வாங்கி வாய்க்கால் வெட்டினார். இனி மூன்று போகம் என்று ஊரே பேசியது. முதல் சில வருடங்கள் மஞ்சளும் கரும்பும் நன்றாகவே வந்தன. அதற்குள் மேலே திருப்பூரில் சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டன. பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது.

நிறத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். உண்மையில் எங்களைக் கொன்றது உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத்தில் பெரும்பங்கு துணியில் தங்கிவிடும், உப்பு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். நிறத்தை எடுக்க வழிகள் உண்டு, கரைந்த உப்பைச் சாதாரண சுத்திகரிப்பு எடுக்காது. அந்தத் தண்ணீர் நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளுக்கு வந்தது. குடிக்கும் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத ஊரில் 2,000 வரை விடலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் கிணறு அந்த 2,000-ஐயும் தாண்டியது.

முதலில் போனது மஞ்சள். இலை நுனி கருகி, கிழங்கு வைக்காமல் நின்றது. அப்புறம் வாழை, அப்புறம் கரும்பு. தென்னை தாக்குப்பிடித்தது, ஆனால் காய் சிறுத்துவிட்டது. சோடியம் ஏறிய களிமண் காய்ந்தால் சிமென்ட் தரைபோல இறுகிவிடும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, மேலேயே நின்று காயும். எருமை தொட்டித் தண்ணீரை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அம்மா இரண்டு மைல் தள்ளி இருந்த கைப்பம்பிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு வருவார். அணை வேண்டும் என்று மனுக் கொடுத்த அதே விவசாயிகள், அணையில் தண்ணீர் தேக்காதே என்று போராட வேண்டியதாயிற்று.

இப்போது உங்கள் கேள்விக்கு. எங்கள் ஆற்றில் உயிர்கள் தகவமைத்துக்கொண்டனவா? ஆம். கரை முழுக்கச் சீமைக்கருவேலம் நிற்கிறது, உப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆகாயத்தாமரை இருக்கிறது, கொசு இருக்கிறது. ஜிலேபி மீன் இருக்கிறது. அது ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, மோசமான தண்ணீரிலும் பிழைக்கும். அயிரையும் ஆரலும் இல்லை. சுத்தமான மணல் படுகையில் வாழ்கிற அயிரைக்கு இங்கே இடமில்லை. கணக்குப் போட்டால் 'உயிர்கள் இருக்கின்றன' என்றுதான் வரும். ஆற்றைத் தெரிந்தவன் அந்தக் கணக்கை ஏற்க மாட்டான்.

மனிதர்களும் தகவமைத்துக்கொண்டார்கள். அப்பா ஐம்பது வயதில் ஒரு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். அண்ணன் செக்கிங் பிரிவில் சேர்ந்தார். உழுது பழகிய மனிதர் இரவெல்லாம் கேட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை யாராவது தகவமைப்பு என்று பாராட்டினால் எனக்குக் கோபம்தான் வரும்.

இழப்பீடு கிடைத்ததே என்று சிலர் எழுதக்கூடும். பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவர்தான் ஈடு தர வேண்டும் என்று சொன்னது. பெரிய தீர்ப்பு, நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் பக்கம் ஈடு பட்டா வைத்திருப்பவனுக்குத்தான். எங்கள் தோட்டத்தில் தலைமுறையாகக் களை எடுத்த, கரும்பு வெட்டிய குடும்பங்களுக்கு ஒரு ரூபாய் கிடையாது. வேலை போனதற்கு எந்தக் காகிதமும் அவர்களிடம் இல்லை. எங்களுடையது கூட்டுப் பட்டா. பெரியப்பா, சித்தப்பா பங்கைப் பிரித்து வர ஒரு அலுவலகத்தில் வருடக்கணக்காக அலைந்தோம். ஒவ்வொரு அதிகாரி மாறும்போதும் கோப்பை முதலிலிருந்து தொடங்குவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்கள் பக்கம் பெண் கொடுக்க வருபவர்கள் முதலில் கேட்பது, "கெணத்துத் தண்ணி எப்படீங்க இருக்குது?" என்றுதான். என் சித்தப்பா மகன் நிலத்தை விடாமல் இருக்கிறான், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, நாற்பதை நெருங்குகிறான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. விவசாயிதான் நாட்டின் முதுகெலும்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் தங்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது ஐடி கம்பெனியைத்தான் பார்க்கிறார்கள். பெண்களைக் குறை சொல்லவில்லை, உப்புத் தண்ணீர் சுமக்க யார் வருவார்கள்.

நான் திருப்பூருக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டுக்கும் சோறு போட்டது அந்த ஊர்தான். விவசாயியும் உரம் கொட்டி மண்ணைக் கெடுக்கிறான் என்பீர்கள், அதிலும் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. நான் சொல்ல வருவது வேறு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீரில் ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்ற நிலை வந்தது. ஆர்.ஓ. வைத்துத் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தை ஆவியாக்கி, உப்பைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். செலவு அதிகம், சிறிய பட்டறைகள் பல திணறின, அது தெரியும். ஆனால் தொழில் சாகவில்லை. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இன்றும் அங்கிருந்துதான் போகிறது. ஆக, மாற முடிந்தவர்கள் ஆற்றுக்கு மேலே, பட்டறைகளில்தான் இருந்தார்கள். ஒரு முடிவெடுத்துச் சில வருடங்களில் மாறினார்கள். அயிரை மீனால் அப்படி ஒரு முடிவை எடுக்க முடியாது. மாறக்கூடியவனை விட்டுவிட்டு, மாற முடியாத உயிரிடம் தகவமைத்துக்கொள் என்று ஏன் சொல்ல வேண்டும்?

பேரழிவுகளைப் பற்றியும் ஒன்று. 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பெர்மியன் அழிவில் கடல் உயிரினங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. உயிர்கள் மீண்டன, சரி. பழைய செழிப்பு திரும்ப ஐம்பது லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுகள் ஆயின. எங்கள் ஆறு கெட்டுப்போகப் பத்து வருடம்கூட ஆகவில்லை. பூமிக்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியும், அப்பாருவுக்கு முடியவில்லை.

"அப்படியானால் ஆலைகளை எல்லாம் மூடிவிடலாமா?" என்று கீழே யாராவது கேட்பீர்கள். வேண்டாம். உப்புத் தண்ணீர் ஆலைச் சுவருக்கு உள்ளேயே நிற்கட்டும். மழை வெள்ளத்தோடு இரவில் திறந்துவிடுகிறவர்களை, ஆற்றில் நுரை பொங்குவதைப் பார்த்து நாங்கள் போன் போடுவதற்கு முன்பே பிடிக்கட்டும். ஈடு கொடுக்கும்போது பட்டா இல்லாதவர்கள் பெயரையும் எழுதட்டும்.