ஆறிப்போன புண்ணும் உள்ளங்கைச் செம்புள்ளிகளும்

நண்பருக்கு வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன் ஆணுறுப்பில் வந்த வலியில்லாத புண் மருந்துக்கடைக் களிம்பில் ஆறிவிட்டதாகவும், இப்போது உள்ளங்கைகளில் அரிப்பில்லாத செம்புள்ளிகள் தெரிவதாகவும், மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

புண்ணைக் களிம்புதான் ஆற்றியது என்று நான் நினைக்கவில்லை. இது சிபிலிஸ் என்னும் பால்வினை நோயாக (உடலுறவால் பரவுவது) இருக்கலாம். சிபிலிஸ் புண் பெரும்பாலும் தொற்றிய 3 வாரங்களில் தோன்றி, எந்த மருந்தும் போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரங்களில் தானாகவே மறைந்துவிடும்; ஆனால் கிருமி இரத்தத்தில் தங்கியிருந்து, சில வாரங்கள் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இத்தகைய தடிப்புகளாக வெளிப்படும். அரிக்காததால்தான் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. இந்தப் புள்ளிகளும் மறையக்கூடும். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். சிகிச்சையின்றி விட்டால் பல ஆண்டுகள் கழித்து இதயமும் மூளையும் பாதிக்கப்படலாம்.

நேரில் பார்க்காமல் இதுதான் நோய் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. நாளையே அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குச் சென்று வி.டி.ஆர்.எல். (சிபிலிஸுக்கானது), எச்.ஐ.வி. ஆகிய இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். தொடக்க நிலை என்றால் பொதுவாக 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின் ஊசி ஒரு தவணையே போதும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை குழந்தையைப் பற்றித்தான். தாய்க்குத் தொற்றினால் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்கும் பரவும். கருச்சிதைவோ குழந்தை இறந்து பிறப்பதோ நேரலாம். கர்ப்பத் தொடக்கத்தில் எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்திருந்தாலும், அதற்குப் பிறகு தொற்றியிருக்க வாய்ப்புண்டு. சொல்வது எவ்வளவு கடினமாக இருந்தாலும், மனைவியிடம் சொல்லி உடன் அழைத்துச் செல்லுங்கள். இருவருக்கும் சிகிச்சை முடிந்து மருத்துவர் சொல்லும்வரை உடலுறவைத் தவிருங்கள்.