ராணுவப் பாலியல் வன்கொடுமைக்கு யார் பதில் சொல்வது? ரோஹிங்கியா வழக்குகள்: கேள்வி பதில்

கே: 2017-ல் மியான்மர் ராணுவம் ரோஹிங்கியா முஸ்லிம்களைப் பங்களாதேஷுக்கு விரட்டியது. ஆனால் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டத்தில் மியான்மர் சேரவே இல்லை. பிறகு ஹேகில் வழக்கு எப்படி நடக்கிறது?

ப: பங்களாதேஷ் 2010-லேயே சேர்ந்துவிட்டது. நாடுகடத்தல் என்ற குற்றம் எல்லைக்கு அந்தப் பக்கம் தொடங்கி இந்தப் பக்கம் முடிகிறது. அதில் ஒரு பகுதி உறுப்பு நாட்டு மண்ணில் நடந்தாலே போதும் என்று பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொன்னது. 2019 நவம்பரில் விசாரணைக்கு அனுமதி தந்தது. 2024 நவம்பரில் மியான்மர் ராணுவத் தளபதி மின் ஆங் லைங் மீது வழக்குத் தொடுநர் பிடியாணை கேட்டார். ஆனால் அவர் சுமத்தியவை நாடுகடத்தலும் இன ஒடுக்குமுறையும்தான். முழுக்க மியான்மருக்குள்ளேயே முடிந்த வன்கொடுமை, மக்களை விரட்டப் பயன்பட்ட வழி என்ற அளவில்தான் இங்கே நுழைய முடியும். இது பெரிய குறை.

கே: மியான்மர் மீது காம்பியா நாடு போட்ட வழக்கும் இதுவும் ஒன்றா?

ப: இல்லை. அது பன்னாட்டு நீதிமன்றத்தில், 1948 இனப்படுகொலை உடன்படிக்கையின் கீழ் 2019-ல் போட்டது. பிரதிவாதி நாடு, யாரும் சிறைக்குப் போகமாட்டார்கள்.

கே: வன்கொடுமையையே நேரடிக் குற்றச்சாட்டாக வைக்க வழி உண்டா?

ப: அர்ஜென்டினா. எங்கே நடந்தாலும் விசாரிக்கலாம் என்ற உலகளாவிய அதிகார வரம்பின்படி அங்கே 2021-ல் வழக்கு திறந்தது. 2025 பிப்ரவரியில் பிடியாணைகளும் வந்தன. ஆளைப் பிடிப்பது வேறு கதை.

கே: மருத்துவச் சான்று இல்லை, பார்த்தவர் இல்லை. பெண்ணின் வாக்குமூலம் மட்டும் போதுமா?

ப: சட்டப்படி போதும். குற்றவியல் நீதிமன்ற விதி 63, துணைச் சாட்சியம் கட்டாயமில்லை என்கிறது. விதி 70-ன்படி மௌனத்தைச் சம்மதமாக எடுக்க முடியாது. விதி 71 அவளது முந்தைய, பிந்தைய பாலியல் வாழ்க்கையைக் கிளறுவதைத் தடுக்கிறது.

கே: அப்படியானால் வழக்குகள் ஏன் தோற்கின்றன?

ப: கொடுமை நடந்ததா என்பதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஐ.நா. உண்மை கண்டறியும் குழு உறுதிசெய்த வன்கொடுமைகளில் 80 சதவீதம் கூட்டு வன்கொடுமை. அறுந்துபோவது, செய்த சிப்பாய்க்கும் தளபதிக்கும் இடையிலான கண்ணிதான். ரோம் சட்டத்தின் 28-ஆம் பிரிவுக்கு மூன்று வேண்டும்: படை அவர் கட்டுப்பாட்டில் இருந்தது, அவருக்குத் தெரியும் அல்லது தெரிந்திருக்க வேண்டும், தடுக்கவோ தண்டிக்கவோ தன்னால் முடிந்ததைச் செய்யவில்லை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு வழக்கில் கொங்கோ படைத் தலைவர் பெம்பா மேல்முறையீட்டில் 2018-ல் விடுதலையானதற்கு முக்கியக் காரணம் அந்த மூன்றாவதுதான். ஆகவே 2017 ஆகஸ்டில் ரோஹிங்கியாக்கள் வாழ்ந்த ராகைன் மாநிலத்துக்கு வந்த 33, 99-ஆம் இலகு காலாட்படைப் பிரிவுகளில் எது எந்த நாளில் எந்த ஊரில் இருந்தது, யார் அனுப்பினார், யாருக்கு அறிக்கை போனது என்பதைக் காட்டும் ஒரு தாள், இன்னொரு நூறு வாக்குமூலங்களைவிட உதவும். அதற்காக வாக்குமூலம் வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கே: பங்களாதேஷின் காக்ஸ் பஜார் அகதி முகாம் போன்ற இடத்தில் வேலை செய்யும் தன்னார்வலர் வாக்குமூலம் எடுக்கலாமா?

ப: பயிற்சி இல்லையென்றால் எடுக்காதீர்கள். ஒரே பெண் ஐந்து அமைப்புகளிடம் ஐந்து முறை சொன்னால் தேதியும் ஆட்களின் எண்ணிக்கையும் கொஞ்சம் மாறும். அது மனித இயல்பு. வழக்குத் தொடுநர் கைக்கு வந்த பழைய பதிவுகள் எதிர்த்தரப்புக்கும் போகும். அந்த முரண்பாட்டை வைத்தே குறுக்கு விசாரணை நடக்கும். "இதற்கு முன் யாரிடமாவது சொன்னீர்களா?" என்பது முதல் கேள்வி. ஆம் என்றால் யாரிடம், எப்போது என்று மட்டும் குறித்துக்கொண்டு, விவரத்துக்குள் போகாமல் நிறுத்துங்கள். சான்றுகளைச் சேர்க்க 2018-ல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை அமைத்த மியான்மர் சுயாதீன விசாரணைப் பொறிமுறையிடம் தொடர்பு ஏற்படுத்தித் தரலாம். சம்மதத்தை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேளுங்கள்: மருத்துவத்துக்கு, நீதிமன்றத்துக்கு, ஊடகத்துக்கு. பெயர் ஒரு கோப்பிலும் குறிப்பு வேறொரு கோப்பிலும் இருக்கட்டும். சம்பவம் அண்மையில் நடந்தது என்றால் எல்லாவற்றுக்கும் முன் மருத்துவம்: எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள், அவசரக் கருத்தடை 120 மணி நேரத்துக்குள்.

கே: படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

ப: கூடாது. படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம், இடம் பற்றிய தகவலை அது நீக்கிவிடும். மூலக் கோப்பு உள்ள கைபேசியையோ நினைவக அட்டையையோ அப்படியே வையுங்கள்.

கே: பங்களாதேஷ் வழி இலங்கைத் தமிழ்ப் பெண்களுக்குப் பொருந்துமா?

ப: இலங்கை உறுப்பினர் இல்லை. அகதிகள் பெருமளவில் கடல் கடந்து வந்த இந்தியாவும் இல்லை. அதனால் அந்தக் கதவு இங்கே திறக்காது. ஐரோப்பிய உறுப்பு நாடுகளுக்குப் போனவர்களை வைத்து வாதிடலாம். ஆனால் 2002 ஜூலைக்கு முந்தையது எதுவும் வராது. இப்போதைக்கு நடைமுறையில் உள்ளது, மனித உரிமைப் பேரவையின் 2021 மார்ச் தீர்மானம் 46/1-ன்படி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சேர்த்துவைக்கும் சான்றுகள். அவற்றை வைத்து வழக்குப் போடுவது இன்னொரு நாட்டின் நீதிமன்றமாகத்தான் இருக்கும்.