பயிற்சியாளருக்குச் சம்பளம் யார் தருவது?

அன்புள்ள ஐயா,

என் தங்கை சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, கிராம மேம்பாட்டுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் இதைப் பற்றியே பேச்சு. “காட்டுல இறங்காத ஆளுங்க வந்து நமக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பாங்க? அந்தக் காசுல ஊருக்கு ஒரு போர் போட்டுக் குடுக்கச் சொல்லு” என்கிறார் அப்பா. அவர் சொல்வது பாதி சரியென்றே எனக்கும் படுகிறது. எங்கள் ஊர் சமுதாயக்கூடத்தில் நடந்த பயிற்சிகளைப் பார்த்திருக்கிறேன். பேனர், கையெழுத்து, போட்டோ, சாப்பாட்டுப் பொட்டலம். மறுநாள் யாருக்கும் எதுவும் நினைவில்லை. இந்த வேலையால் உண்மையில் பயன் உண்டா?

ஆர்., ஊத்தங்கரை

அன்புள்ள ஆர்.,

உங்கள் அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி அறிக்கை அனுப்புவதற்காக நடத்தப்படும் கூட்டம் பயிற்சியே அல்ல. ஆனால் உங்கள் ஊர்ப் பக்கமே இதற்கு வேறொரு பதிலும் இருக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் முன்பு, 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டு மகளிர் குழுக்கள் தொடங்கியது பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். அங்கே களத்தில் நின்ற தொண்டு நிறுவனங்களில் ஒன்று மைராடா.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா, 1968இல் திபெத்திய அகதிகளைக் குடியமர்த்துவதற்காகத் தொடங்கப்பட்டது. பிறகு கிராம ஏழைகளிடையே வேலைசெய்ய வந்து பெரிய கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தது. 1980களின் நடுவில் அவற்றில் பல உடைந்தன. கடன் வாங்கியிருந்த உறுப்பினர்கள் சிலர் சங்கத்திடம் பணத்தைக் கட்ட விரும்பாமல், மைராடா ஊழியர்களிடமே கொண்டுவந்து நீட்டினார்கள். எங்களிடம் வேண்டாம், நீங்கள் நம்புகிறவர்களாகச் சேர்ந்து உங்களுக்குள்ளேயே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள் ஊழியர்கள். இன்று நாம் சுயஉதவிக் குழு என்று சொல்வதன் வேர்களில் ஒன்று இதுதான். யார் யாரோடு சேர்வது என்பதை நிறுவனம் முடிவுசெய்யவில்லை. அதை மக்கள் முன்பே அறிந்திருந்தார்கள். அவர்களிடம் இல்லாதவை வேறு. தீர்மானப் பதிவேடு எழுதுவது, ரொக்கப் புத்தகமும் பேரேடும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, தவணை தவறியவளை விரோதியாக்காமல் வசூலிப்பது, மேலாளர் எரிந்து விழுந்தாலும் வங்கிப்படி ஏறிக் கணக்குத் தொடங்குவது. இவை ஒரே நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில் வாரக்கூட்டத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கு யார் சம்பளம் தருவது? 1987இல் வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு மைராடாவுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. குழுக்களைப் பழக்கவும், அவர்கள் சேமித்ததற்கு ஈடாகப் பணம் போடவும் அந்தத் தொகை பயன்பட்டது. 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று நாடெங்கும் வங்கிகள் குழுக்களுக்குக் கடன் தருவது அந்த வழியில்தான். அந்த 10 லட்சத்துக்குப் போர் போட்டிருந்தால் சில ஊர்களுக்குத் தண்ணீர் கிடைத்திருக்கும். அதையும் நான் சிறிதாக எண்ணவில்லை.

போர் என்றதும் அடிபம்பு நினைவுக்கு வருகிறது. ஊர்களில் போட்ட அடிபம்புகளில் பெரும்பாலானவை ஓடவில்லை என்று 1970களில் யூனிசெஃப் கண்டது. இந்தியா மார்க் 2 என்ற உறுதியான பம்பு வந்தது. ஊருக்கொருவரைப் பராமரிப்பாளராகப் பழக்கினார்கள். ஆனால் உள்ளே வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆள்களும் வெளியிலிருந்து வரவேண்டும். ஊர்க்காரருக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் என்ன செய்வார்? பிறகு கோவைப் பகுதியில் சோதித்து உருவாக்கிய மார்க் 3இல் குழாயை அகலமாக்கினார்கள். குழாயை அசைக்காமல் பிஸ்டனை மட்டும் மேலே எடுத்துவிடலாம். குறை மக்களின் அறிவில் இல்லை, இரும்பில் இருந்தது. எது குறைந்தாலும் “இவர்களுக்கு விழிப்புணர்வு போதாது” என்று பயிற்சி போடும் பழக்கத்தை நான் வெறுப்பது இதனால்தான். தங்கையிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆலோசனைப் பணி பற்றிய என் கவலை வேறு. அரசுத் துறையும் பன்னாட்டு நிதி நிறுவனமும் கட்டணம் கொடுத்து ஆலோசனை கேட்கும்போது, நிறுவனம் பதில் சொல்ல வேண்டியது அவர்களுக்கு என்றாகிவிடுகிறது. மார்ச் மாதத்துக்குள் இத்தனை குழு, இத்தனை பயிற்சி என்று இலக்கு வருகிறது. பொட்டலமும் போட்டோவும் அங்கிருந்துதான் வருகின்றன. மைராடா இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. சுமார் நூறு குழுக்கள் சேர்ந்து ஒரு வளமையம் நடத்துகின்றன. கணக்கு எழுத, தணிக்கைக்கு, வங்கி வேலைக்கு, பயிற்சிக்கு என்று அந்த மையத்துக்குக் குழுக்களே கட்டணம் கட்டுகின்றன. குழுக்களின் பிரதிநிதிகளே நிர்வாகக் குழு. பயனில்லாத பயிற்சிக்குக் காசு கொடுக்க எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாள். தொடக்கத்தில் கட்டணம் கட்ட ஏழைகளால் முடியாது, அதற்கு நன்கொடை வேண்டும். காலாகாலத்துக்கும் நன்கொடையிலேயே ஓடும் பயிற்சியை நான் நம்புவதில்லை.

உங்கள் அப்பாவின் கேள்வியைத் தங்கை நிறுவனத்தின் கூட்டத்திலேயே கேட்கட்டும். தயங்க வேண்டாம். அதோடு, அவளுக்கு ஒப்படைக்கும் பகுதியில் ஐந்தாறு ஆண்டாவது ஆன ஒரு குழுவின் தீர்மானப் பதிவேட்டை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி ஓராண்டுப் பக்கங்கள் நிறுவன ஊழியரின் கையெழுத்தில் இருந்தால், அவளுடைய முதல் வேலை அங்கே காத்திருக்கிறது.

அன்புடன்.