3306-ல உக்காந்திருக்கிறது யாரு?

கேள்வி: எங்க ஜவுளிக்கடையில ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். தங்கச்சி பையன் எழுதிக் குடுத்த பில்லிங் சாஃப்ட்வேர் ஸாம்ப் (XAMPP, வெப் சர்வரும் டேட்டாபேஸும் சேந்து வர்ற தொகுப்பு) போட்டு நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. போன வாரம் ஆளுங்களுக்கு கைரேகை வைக்கிற மெஷின் வாங்கி, அதோட சாஃப்ட்வேரையும் ஏத்துனோம். மறுநாள்ல இருந்து பில்லிங்க தொறந்தா 1045, ஆக்சஸ் டினைடு, யூசிங் பாஸ்வேர்டு நோன்னு வருது. நாங்க பாஸ்வேர்டே வைக்கலையே சார்! எல்லாத்தையும் அழிச்சிட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணிரலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அய்யய்யோ, அழிச்சிராதீங்க, உங்க பில்லு கணக்கு பூரா ஸாம்ப் ஃபோல்டருக்குள்ள மைஎஸ்கியூஎல் (MySQL, கணக்க சேத்து வைக்கிற டேட்டாபேஸ்), அதுக்குள்ள டேட்டாங்கிற ஃபோல்டர்லதான் இருக்கு, மொதல்ல அத ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுங்க.

10061ங்கிற எரர் வந்திருந்தா அங்க டேட்டாபேஸ் சர்வரே ஓடலைன்னு வெச்சுக்கலாம். 1045 அப்படியில்ல, யாரோ கதவைத் தொறந்து உங்க மூஞ்சியப் பாத்துட்டுதான் போடாங்கிறாங்க. ஸாம்ப்ல ரூட்டுக்கு, அதாவது டேட்டாபேஸோட மெயின் யூசருக்கு, பாஸ்வேர்டு காலியா இருக்கும், அது ஏன் விரட்டப்போகுது? அப்ப தொறந்தது வேற ஆளு. என் சந்தேகம், கைரேகை சாஃப்ட்வேர் தனக்குன்னு இன்னொரு மைஎஸ்கியூஎல்ல கூட்டிட்டு வந்து, விண்டோஸ் ஆன் ஆகும்போதே 3306 போர்ட்ல (மைஎஸ்கியூஎல் வழக்கமா உக்கார்ற கதவு நம்பர்) துண்டு போட்டு உக்காந்திருச்சு. ஸாம்ப் கன்ட்ரோல் பேனல்ல போர்ட் 3306 இன் யூஸ்னு செவப்புல வந்தா அதேதான்.

நேர்லயே பாத்துரலாம். கமாண்ட் பிராம்ப்ட்ல நெட்ஸ்டாட் அடிச்சு ஒரு இடம் விட்டு மைனஸ் ஏஎன்ஓ (netstat -ano) போடுங்க, 3306 லிசனிங்னு இருக்கிற வரியோட கடைசி நம்பர்தான் பிஐடி (ஓடுற புரோகிராமோட அடையாள நம்பர்), அத டாஸ்க் மேனேஜர்ல டீடெயில்ஸ்ல தேடுங்க. பேர மட்டும் பாத்து ஏமாந்துராதீங்க, 2015ல இருந்து ஸாம்ப்ல வர்றது மரியாடிபி (மைஎஸ்கியூஎல்லுல இருந்து பிரிஞ்சு வந்த டேட்டாபேஸ்), ஆனா அதுவும் மைஎஸ்கியூஎல்டின்னேதான் (mysqld) காட்டும். ரைட் கிளிக் பண்ணி ஓப்பன் ஃபைல் லொகேஷன் குடுங்க, ஸாம்ப் ஃபோல்டர் வரலைன்னா ஆளு மாட்டிக்கிச்சு.

அத நிறுத்தாதீங்க, கைரேகை மெஷின் படுத்துரும். ஸாம்ப்போட மை டாட் ஐஎன்ஐ (my.ini) செட்டிங் ஃபைல்ல கிளையன்ட், மைஎஸ்கியூஎல்டி ரெண்டு எடத்துலயும் 3306அ 3307ஆக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. பில்லிங் கோடுலயும் அந்த நம்பர மாத்தணும், அத மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க, அப்படியே ரூட்டுக்கு ஒரு பாஸ்வேர்டும் போடச் சொல்லுங்க.